சிவப்புக் கோட்டுக்கு இடப்பக்கம்

அவளுக்குச் சந்தேகம் வராத நாளே கிடையாது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை அங்கேயே நின்று எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக இருந்தால் காலாவதித் தேதியைப் பார்ப்பாள். அதுவும் சரியாக இருந்தால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பாள். வீட்டுக்காரர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் காரணம் கேட்பாள். காரணம் கச்சிதமாக இருந்துவிட்டால் போச்சு, இவ்வளவு கச்சிதமாக எப்படி இருக்கிறது என்று அன்று முழுக்க யோசிப்பாள். "என்னைக்காவது உனக்குச் சந்தேகம் வரலைன்னா சொல்லு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்பார் அந்த மனிதர். பதினாறு வருஷம் தாக்குப்பிடித்தவர். அந்த அளவுக்குக் கேலி பேச அவருக்கு உரிமை உண்டு.

வீட்டில் தொல்லையாக இருந்த குணம் வேலையில் கைகொடுத்தது. ஒரு முதியோர் இல்லத்தின் அலுவலகத்தில் எண்களைப் படமாக்கித் தருவது அவள் வேலை. யார் எத்தனை மணிக்குக் கீழே விழுந்தார், யாருக்கு எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை பேருக்குத் தூக்க மாத்திரை என்று இல்லத்திலிருந்து தாள் தாளாக வரும். அதையெல்லாம் கோடாகவும் பட்டையாகவும் மாற்றி, நிர்வாகக் குழுவினருக்குப் புரிகிற மாதிரி கொடுக்க வேண்டும். அலுவலகம் பெரிய சாலையில், இல்லம் மூன்று தெரு தள்ளி. அவளுக்கும் இல்லத்துக்கும் நடுவே தாள்கள்தான் போக்குவரத்து. அங்கே எல்லோரும் அவளைப் படக்காரி என்றுதான் சொல்வார்கள்.

படம் விஷயத்தில் அவள் பொல்லாத பிடிவாதக்காரி. வட்டத்தைக் கேக் மாதிரி வெட்டித் துண்டுக்கொரு நிறம் பூசுவது அவளுக்கு ஆகவே ஆகாது. பட்டைகளுக்கு நிழல் வைக்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "பார்த்த மூணு நொடியில விஷயம் மனசுல உட்காரணும். நாலாவது நொடி வேணும்னா அந்தப் படம் தோத்துப்போச்சு" என்பாள். சும்மா சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதியவர்கள் விழுகிற நேரத்தை மணிவாரியாகப் பட்டை போட்டுக் காட்டினாள். விடியற்காலை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரே ஒரு பட்டை மட்டும் மற்றவற்றைவிட மூன்று மடங்கு உயரமாக நின்றது. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தாழ்வார விளக்கை ஐந்து மணிக்கே அணைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அது நின்றது, விழுகிறவர்களும் பாதியாகக் குறைந்தார்கள். அதற்குப் பிறகு அவள் படத்தை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அதுதான் வினையாகிப் போனது.

அவளுக்கு ஓர் அண்ணன். கை மணக்கச் சமைப்பான், வாய் மணக்கப் பொய் சொல்வான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம், அம்மாவின் தையல் மெஷினை ரிப்பேர் பார்க்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனவன், மூன்று வாரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். கேட்டபோதெல்லாம் "ரிப்பேர்ல இருக்கும்மா" என்றான். மெஷின் வரவேயில்லை. அம்மா ஊசியில் கையால் தைத்தே மிச்சக் காலத்தை ஓட்டினாள். அவன் கப்பலில், விடுதிகளில், கல்லூரி மெஸ்களில் என்று சுற்றிவிட்டு, ஐம்பதைத் தாண்டியபின், ஜூலைக் கடைசியில் ஒரே ஒரு பையோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

இல்லத்தில் சமையல்காரர் வேலை காலியாக இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை. சேர்க்கும்போது ஜாமீன் படிவம் ஒன்று கொடுத்தார்கள். "இவருடைய நடத்தைக்கு நான் பொறுப்பு" என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போடுகையில் பேனா தயங்கியது. அண்ணன் அதைப் பார்த்தான், பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வேலையோடு சமையலறைக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்தது. வேலை போனால் அறையும் போகும். முதியவர்கள் சாப்பாட்டில் கைவைத்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் பிறகு எந்தச் சமையலறையும் அவனை உள்ளே விடாது. இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அக்டோபர் நடுவில் குழுக் கூட்டம். மேலாளர் அவளைக் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், எப்போதும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

"நம்ம பெரியவங்களோட எடை குறைஞ்சிருக்குன்னு ரெண்டு குடும்பத்துலேருந்து புகார். வியாழக்கிழமை குழு கேக்கும். ஒரு படம் போட்டுக் கொடுங்க. எப்போலேருந்து குறையுதுன்னு பளிச்சுன்னு தெரியணும்."

எப்போதிலிருந்து என்ற வார்த்தை அவள் காதில் நுழைந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. அண்ணன் வந்ததிலிருந்தா? வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேலாளர் இல்லை என்று சொல்லியிருப்பார், அதையும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை காலை இல்லத்தின் நர்ஸம்மா எடைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தடித்த உருவம், மெதுவான பேச்சு, எதையும் அளந்து எழுதுகிற கை. ஆறு தடவை எடுத்த எடை, ஆளுக்கு ஒரு வரி.

"நடுவுல எடை மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. அதான் ஆறு தடவைதான் எடுக்க முடிஞ்சுது" என்றார்.

ரிப்பேர் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் மனசு இருபத்திரண்டு வருஷம் பின்னால் போய்விட்டது. அம்மாவின் மெஷின், வெறுங்கை, அண்ணன் முகம். நர்ஸம்மா அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். ஒன்றும் காதில் விழவில்லை.

வேலையை என்னவோ ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். புதிதாக வந்தவர்கள், இறந்துபோனவர்கள் எல்லோரையும் விலக்கிவிட்டு, ஆறு தடவையும் எடை பார்க்கப்பட்ட இருபத்தெட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆள் மாறினால் சராசரி பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். முதல் எடை ஐம்பத்து நான்கு கிலோ இருநூறு கிராம். அடுத்தது நூறு கிராம் குறைவு, அதற்கடுத்தது இன்னுமொரு நூறு. நான்காவது ஐம்பது கிலோ தொள்ளாயிரம். ஐந்தாவது ஐம்பத்தொன்று இருநூறு, ஆறாவது ஐம்பத்தொன்று நானூறு. எடையைக் காட்டுகிற நிமிர்ந்த கோட்டைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எழுபது, எண்பது வயசில் மூன்று கிலோ என்பது விளையாட்டில்லை. அதனால் ஐம்பதிலிருந்து ஆரம்பித்தாள். அதுவும் சரிதான்.

நாளைக் காட்டுகிற படுக்கைக் கோட்டில்தான் வந்தது வில்லங்கம். நர்ஸம்மா தாளின் தலைப்பில் ஒவ்வோர் எடைக்கும் தேதி எழுதியிருந்தார். அதை அப்படியே உள்ளே போட்டதும் கம்ப்யூட்டர் தேதிகளைச் சாய்த்துச் சாய்த்து எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, படத்தின் அடிப்பாகத்தைக் குப்பையாக்கிவிட்டது. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆறு தேதிகளையும் அழித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறுவரை எண் போட்டாள். ஆறு புள்ளிகளும் சம இடைவெளியில் லட்சணமாக நின்றன. அழிக்கும்போது அந்தத் தேதிகளைப் படித்தாளா என்றால், இல்லை. அழுக்கைத் துடைக்கிறவர்கள் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. எடை மாதாமாதம் எடுப்பது வழக்கம், ஆகவே ஆறு எடை என்றால் ஆறு மாதம் என்று அவள் மனசு தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது.

மூன்றாவது புள்ளிக்கும் நான்காவது புள்ளிக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் 'புதிய சமையல்காரர்' என்று சின்ன எழுத்து. கோட்டுக்கு இடப்பக்கம் சமதரை, வலப்பக்கம் பள்ளம். மூன்று நொடிகூட வேண்டாம், ஒரு நொடி போதும். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தாள்.

கடைசி இரண்டு புள்ளிகள் கொஞ்சம் மேலே ஏறுகின்றனவே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்கும் தோன்றியது. அதற்கும் பதில் வைத்திருந்தாள். வந்த புதிதில் அள்ளியிருப்பான், பிறகு பயந்துபோய்க் கையை அடக்கிக்கொண்டிருப்பான். சந்தேகத்துக்கு இப்படி ஒரு வசதி உண்டு, எந்தப் புள்ளி எங்கே போனாலும் அது கூடவே போகும்.

அன்று மத்தியானமே இல்லத்துச் சமையலறைக்குப் போனாள். ஒரு கையில் சும்மா ஒரு கோப்பு. அண்ணன் பெரிய பாத்திரத்தில் காய்கறி சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன பாப்பா, அதிசயமா இருக்கு" என்றான். வீட்டில் கடைக்குட்டி என்பதால் நாற்பத்தைந்து வயசிலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"சும்மா. இந்தப் பக்கம் வந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை முட்டை வருது?"

"அறுபது."

"எல்லாம் உள்ள போயிடுமா?"

"உள்ளன்னா, அவங்க வயித்துக்குள்ளயா?" சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

பால் எடுத்துவர அவன் குளிர் அறைக்குள் போனான். ஆணியில் அவனுடைய பை தொங்கியது. அவள் கதவைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். எடுத்துத் திறந்தாள். ஈர ஏப்ரன் ஒன்று, சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, கிழிந்த ஒரு ஜோடி செருப்பு. அவ்வளவுதான். நிம்மதி வர வேண்டிய இடம், ஆனால் வரவில்லை. திருடத் தெரிந்தவன் பையிலா வைப்பான் என்று தோன்றியது. நிமிர்ந்தபோது அவன் இரண்டு கையிலும் பால் கேனோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

எவ்வளவு நேரமாக நின்றானோ. கேன்களை மேடைமேல் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"பையில கீழ ஒரு அறை இருக்கு, ஜிப் போட்டது. அதையும் பாத்துடு" என்றான்.

குரலில் கோபமில்லை. வெட்கத்தில் அவள் காதெல்லாம் சுட்டது. இருந்தாலும், சொன்னால் நம்புவீர்களா, அந்த ஜிப்பையும் திறந்து பார்த்தாள். பஸ் டிக்கெட்டுகளும் தலைவலி மாத்திரையும் இருந்தன. பையை மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் அவள் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள்.

"பையில ஒண்ணும் இல்லைல்ல? அப்புறம் என்ன?"

"படத்துல இருக்கே."

"படத்தை நீதானே வரைஞ்ச."

"நான் வரையலை. எண்ணு வரையுது. நான் ஒழுங்கு பண்றேன், அவ்வளவுதான்."

"உன் அண்ணன் வாழ்க்கைம்மா. கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர்கிட்டயே கேளேன்."

"கேட்டா உண்மை சொல்லுவானா? தையல் மெஷின் விஷயம் தெரியும்ல?" என்றாள். தையல் மெஷின் வந்துவிட்டால் அந்த வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது என்று பொருள்.

படத்தை மறைத்துவிடலாமா என்றும் யோசிக்காமல் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால், ஜாமீன் போட்டவளும் கூட்டு என்பார்கள். அது போகட்டும், அந்த இருபத்தெட்டுப் பேர் என்ன பாவம் செய்தார்கள்? அண்ணன் என்பதற்காக ஊமையாக இருந்தால் தனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? இப்படி நியாயத்தையும் பயத்தையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் படத்தை மேலாளர் மேஜைமேல் வைத்தாள்.

மேலாளர் விரல் துடைப்பதை நிறுத்தினார். படத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அருமை. இந்தச் சிவப்புக் கோடு இருக்கே, பிரமாதம். பெருசா அச்சடிச்சிடுங்க. ஹாலில் மாட்டிடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொந்த அண்ணன்னு பாக்காம செஞ்சீங்க பாருங்க. உங்க நேர்மைக்கு நான் தலை வணங்குறேன்."

கேட்காமல் வருகிற பாராட்டு அவளுக்கு எப்போதுமே உறுத்தும். இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தாள். அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொல்லிவிட்டார்களாம், வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நேரில் வர வேண்டும், அதற்குள் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று. அவளுக்கு அவன் போன் செய்யவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே அவள் இல்லத்து ஹாலுக்கு வந்துவிட்டாள். கூட்டம் மூன்று மணிக்கு. ஆள் உயரத்துக்கு அச்சடித்த படம் சுவரில் தொங்கியது. மருந்துத் தட்டோடு அந்தப் பக்கமாக வந்த நர்ஸம்மா நின்று பார்த்தார். தலையைச் சாய்த்தும் நேராக்கியும் பார்த்தார். மூன்று நொடி போய், முப்பது நொடியும் போயிற்று.

"அழகா இருக்கும்மா. ஆனா இந்தச் சிவப்புக் கோடு ஏன் இங்க நிக்குது?"

"எங்க அண்ணன் வேலைக்குச் சேர்ந்த இடம்."

"அப்படியா? அவர் வந்து ஒன்பதாம் நாள்தானே இந்த நாலாவது எடையை எடுத்தோம்."

"இருக்கட்டுமே."

"இருக்கட்டும்னா எப்படி? ஒன்பது நாள்ல இருபத்தெட்டுப் பேருக்கும் மூணு மூணு கிலோ குறையுமா? சோறே போடாம பட்டினி போட்டாத்தான் அப்படிக் குறையும்மா."

அவள் மூன்றாவது புள்ளிமேல் விரலை வைத்தாள்.

"மூணாவது எடை எப்போ எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"மார்ச்சுல. அப்புறம் மெஷின் ரிப்பேருக்குப் போய் ஆகஸ்ட்லதான் வந்துச்சு. திங்கக்கிழமை நான் சொன்னேனே. தேதிகூட எழுதியிருந்தேன்."

அவள் ஓடினாள். மூன்று தெருவையும் அந்த வயசில் ஓடித்தான் கடந்தாள். அலுவலகத்தில் நர்ஸம்மா கொடுத்த தாளைத் தேடி எடுத்தாள். ஜனவரி ஐந்து, பிப்ரவரி நான்கு, மார்ச் ஆறு. அடுத்தது ஆகஸ்ட் பன்னிரண்டு. பிறகு செப்டம்பர் பதினொன்று, அக்டோபர் பத்து. முத்து முத்தான எழுத்து. மேலாளர்தான் தேதிகளை மறைத்துவிட்டார் என்று வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்திருந்தாள். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. மேலாளர் அந்தத் தாளைத் தொடவேயில்லை. அழித்தது அவள்தான், அதுவும் அழகுக்காக.

அச்சடிக்க நேரமில்லை. அலமாரியிலிருந்து பெரிய கட்டத்தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். வாரத்துக்கு ஒரு கட்டம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று புள்ளிகள் நெருக்கமாக வந்தன. அதற்குப் பிறகு இருபத்துமூன்று கட்டம் வெறுமை. கை நகர நகர வெறுமைதான். அதன் முடிவில் நான்காவது புள்ளி. இடையில் எடை எடுக்காததால் அந்த இரண்டையும் விட்டு விட்டுப் போகிற கோட்டால் இணைத்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து ஆகஸ்ட் மூன்றில் கோடு போட்டாள். நான்காவது புள்ளிக்கு ஒரு கட்டத்துக்குச் சற்றே முன்னால், ஏறக்குறைய அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றது கோடு. பள்ளம் முழுவதும் அதற்கு இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் இருந்ததெல்லாம் ஏற்றம் மட்டும்.

ஏற்றத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் ஐந்நூறு கிராம். அண்ணன் சமைத்துப் போட்டது.

இல்லத்துக்குத் திரும்பியதும் நர்ஸம்மாவிடம் அந்த ஐந்து மாதத்தைப் பற்றிக் கேட்டாள். பழைய சமையல்காரர் மார்ச்சில் நின்றுவிட்டார். செலவு குறையும் என்று மேலாளர் வெளியிலிருந்து டப்பாவில் சாப்பாடு வரவழைத்தார். ராத்திரிச் சாப்பாட்டையும் மாலை ஐந்து மணிக்கே கொடுத்துவிடுவார்கள், ஆறிப்போய்க் கட்டியாக இருக்கும். "பல்லு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? பாதி டப்பா அப்படியே திரும்பிப் போகும். ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். பாக்கலாம்னார்" என்றார் நர்ஸம்மா. மேலாளரின் சந்தோஷத்துக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காரணத்தை அவர் கையில் தூக்கிக் கொடுத்தவள் யார் என்பதும் கூடவே கிடைத்தது.

மூன்று மணிக்குக் குழு கூடியது. ஐந்து பேர். நடுவில் குழுத் தலைவி, நரைத்த தலை, கறாரான பார்வை. கதவோரமாக அண்ணன் நின்றான். சலவை செய்த சட்டை போட்டிருந்தான், பை தோளில் தொங்கியது. அவள் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

"நான் அதிகம் பேச வேண்டியதில்லை, படமே பேசுது" என்று மேலாளர் ஆரம்பித்தார். ஐந்து தலைகளும் சுவரைப் பார்த்துவிட்டுக் கதவோரம் திரும்பின. அவள் சொன்ன மூன்று நொடிகூட ஆகவில்லை. அந்தப் பார்வை அண்ணன்மேல் விழுந்ததும் அவன் தோள் லேசாக ஒடுங்கியதை அவள் பார்த்தாள்.

அவள் எழுந்தாள்.

"அந்தப் படம் தப்புங்க. நான்தான் வரைஞ்சேன். தப்பும் என்னோடதுதான்."

மேலாளர் "இப்போ எதுக்கு இதெல்லாம்" என்று ஆரம்பித்தார். தலைவி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

கட்டத்தாளை மேஜைமேல் விரித்தாள். பேனாக் கறையும் அவசரமும் தெரிகிற தாள். "அதுல ஆறு புள்ளியையும் சம தூரத்துல வச்சேன். தேதி சாய்ஞ்சு அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டேன். நிஜத்துல இந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல அஞ்சு மாசம் இருக்கு. சமையல்காரர் வந்தது இங்க. எடை குறைஞ்சது அவர் வர்றதுக்கு முன்னாடி. அவர் வந்த பிறகு ஏறிட்டிருக்கு."

தலைவி குனிந்து, வெறும் கட்டங்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். நான்காவது புள்ளியில் விரல் நின்றது.

"இந்த அஞ்சு மாசம் இவங்க என்ன சாப்பிட்டாங்க?" என்று மேலாளரைப் பார்த்துக் கேட்டார். மேலாளர் கைக்குட்டையைத் தேடினார். சட்டைப் பையிலும் இல்லை, கால்சட்டைப் பையிலும் இல்லை. நர்ஸம்மா தான் எழுதிக் கொடுத்த இரண்டு கடிதங்களின் நகலையும் மேஜைமேல் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது மேலாளரின் பாடு. அண்ணனைப் பார்த்துத் தலைவி, "நீங்க போய் வேலையைப் பாருங்க. தொந்தரவு கொடுத்ததுக்கு மன்னிச்சுக்குங்க" என்றார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

கூட்டம் முடிந்ததும் அவள் சமையலறைக்குப் போனாள். அவன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ரொட்டிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துப் பால் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தான். பல்லில்லாதவர்களுக்காக. அவள் மேடைக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"அண்ணா, தப்பு பண்ணிட்டேன்."

"அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே." ரொட்டியிலிருந்து கை எடுக்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்தபடியே கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லு பாப்பா. எனக்குப் படமெல்லாம் புரியாது. அந்தச் சிவப்புக் கோட்டை எப்போ போட்ட? எண்ணெல்லாம் போட்டு, குறையுதுன்னு தெரிஞ்ச பிறகா? இல்ல, அதுக்கு முன்னாடியா?"

பிறகுதான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சரிபார்க்க உலகத்தில் ஒருத்தராலும் முடியாது. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேலாளர் படம் கேட்டது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில், நர்ஸம்மாவின் தாள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஓர் எண்கூடக் கையில் இல்லாதபோது, காலியான கட்டத்தைத் திறந்து நட்டநடுவில் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டு, 'புதிய சமையல்காரர்' என்று எழுதியும் வைத்துவிட்டாள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"முன்னாடி" என்றாள்.

அவன் தலையாட்டினான். அடுத்த ரொட்டியை எடுத்துப் பிய்த்தான்.

"பிறகுன்னு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்" என்றான். "நீ எது சொன்னாலும் நான் நம்பிட்டுதான் இருந்தேன்."

அவள் அழுதாள். அவன் பாலை அடுப்பில் ஏற்றினான். ஏழு மணிக்குள் இருபத்தெட்டுப் பேருக்கும் மற்றவர்களுக்கும் கிண்ணம் போய்ச் சேர வேண்டும்.